கெஞ்சி வாங்கிய ரத்தம்

சின்னப்பொண்ணு என்று பெயர் வைத்தார்களே தவிர, அவள் சின்னப் பெண்ணாக இருந்த காலம் என்று ஒன்று கிடையாது. வில்லியனூருக்கு மேற்கே ஒரு ஊரில் பிறந்தவள். பாவாடை கட்டுகிற வயதிலேயே அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா இருந்தார், இருந்தும் பிரயோஜனம் இல்லை. சாராயக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் எங்கே விழுந்து கிடக்கிறார் என்று தேடுவதே ஒரு வேலை. இடுப்பில் தம்பி கலைவாணன். அவனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் களை பறிப்பாள், கரும்பில் காய்ந்த சோகையை உரிப்பாள், மறுபடி ஏற்றிக்கொள்வாள். அவன் பள்ளிக்கூடம் போனான். இவள் போகவில்லை.

மூலக்குளத்தில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்கு அவளும் அவள் புருஷன் ராஜாங்கமும் குடிவந்தபோது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால்தான் அவளைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியும். மீதியை அவளே சொன்னாள். எழுதலாமா என்று கேட்டேன். எழுதிக்கோ, தம்பி பெயரை மட்டும் மாற்றிவிடு என்றாள். மாற்றியிருக்கிறேன்.

ஊரில் இருந்த துண்டு நிலத்தில் கீரை போட்டிருந்தார்கள். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்ப் பறித்து, கூடையோடு திரும்பி வந்து, நெல்லித்தோப்பில் ஒரு மளிகைக் கடை ஓரமாகச் சாக்கு விரித்து உட்காருவாள். முளைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி. பேரம் பேசுகிறவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். வாங்கினால் வாங்கு, இல்லையென்றால் நகரு. இந்தத் திமிர் எனக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு மிகவும் பிடித்துப் போனது. ஒரு கரண்டி காப்பித்தூள்கூட என்னிடம் கைமாற்றாகக் கேட்டவள் இல்லை. யாரிடமும் எதையும் கேட்டு வாங்குகிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையில் அவள் கேட்டது இரண்டே தடவைதான். இரண்டும் ரத்தத்தைப் பற்றியது.

ராஜாங்கம் பெயிண்டர். கடற்கரைப் பக்கத்துப் பழைய பெரிய வீடுகளுக்கு மஞ்சள் அடிப்பதில் கைதேர்ந்தவர். சாரத்தில் நின்றபடி யாரையாவது கிண்டல் செய்துகொண்டே இருப்பார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஒரு தடவை சாரம் சரிந்து கீழே விழுந்தார். நடந்தே வீட்டுக்கு வந்து, இடது கையால் சோறு அள்ளிச் சாப்பிட்டார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு லேசாகச் சுளுக்கு என்றார். காலையில் பார்த்தால் மணிக்கட்டு பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எலும்பு முறிந்திருந்தது. வலி என்றால் அவள் பயப்படுவாளாம். அதற்காக வாயை மூடிக்கொண்டு ராத்திரி முழுக்கப் படுத்திருந்திருக்கிறார். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பாசமும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கலைவாணன்தான் குழந்தை. அவனை லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்க வைத்தார்கள். அவன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு முதல் நாள் வேலைக்குப் போனபோது, சின்னப்பொண்ணு கீரைக் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் பின்னாடியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் இதய ஆஸ்பத்திரியில் வேலை. ரத்தம் எடுப்பது, அதைச் சோதித்து முடிவை டாக்டர்களுக்கு அனுப்புவது. பையன் கெட்டிக்காரன் என்று அங்கே நல்ல பெயர்.

சுனாமி வந்து போன மறு வருஷம் ராஜாங்கத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெயிண்ட் நெடி என்று முதலில் நினைத்தார்கள். பிறகு ஏணியில் பாதி ஏறியதும் நின்றுவிட்டார். இருமும்போது சளியில் இளஞ்சிவப்பாக ரத்தம் தெரிந்தது. கலைவாணன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் ஆஸ்பத்திரிக்கே போனான். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டார். வந்தது, வேப்பிலை கட்டி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள் என்றார் இவர். அந்தக் காய்ச்சல்தான் இதயத்துக்குள் இருக்கிற ஒரு வால்வைத் தின்று, இத்தனை வருஷம் கழித்து இறுக்கிவிட்டிருந்தது. நெஞ்சைத் திறந்து அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைக்கவேண்டும். வைத்தால் சாரம் ஏறலாம், வைக்காவிட்டால் அதிக நாள் தாங்காது. பணம் எப்படிப் புரட்டினார்கள் என்பது தனிக் கதை, அதை விடுகிறேன். எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் சொந்தக்காரர்கள் வந்து ரத்தம் கொடுக்கவேண்டும் என்றார்கள். முதல் ஆளாக சின்னப்பொண்ணுதான் கையை நீட்டினாள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, உனக்கே ரத்தம் பத்தலையேம்மா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் கீரை விற்றவள், இவளுக்கு ரத்தம் இல்லை. கலைவாணன் கொடுத்தான். அவன் ஒருத்தன் கொடுத்தால் போதாது. அவள் புருஷன் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

ராஜாங்கத்தின் அண்ணன் தெய்வசிகாமணி, ஊரில் பெரிய மனிதர். கல்யாணம், காது குத்து என்றால் முதல் பந்தியில் உட்காருகிறவர். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றதும் உச்சுக் கொட்டினார். ரத்தம் என்றதும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ரத்தம் கொடுத்தால் ஆண்பிள்ளைக்கு அதற்கப்புறம் வயலில் நிற்கிற தெம்பு இருக்காது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். யார் கொடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள் என்று நான் கேட்கிறேன். பங்காளிகளில் ஒருவருக்கு அன்றைக்குத்தான் காய்ச்சல், இன்னொருவருக்கு அன்றைக்குத்தான் மாமியார் வீட்டில் விசேஷம். செல்போன் வைத்திருந்த ஒரே ஒருத்தன் அதை அணைத்து வைத்துவிட்டான்.

யாரிடமும் எதுவும் கேட்காத அந்தப் பெண், தெய்வசிகாமணி வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் உட்கார்ந்தவள் வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. போவோர் வருவோர் எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் மனிதர் வெளியே வந்தபோது காலைத் தொட்டுவிட்டாள்.

“மாமா, உங்க தம்பிய எனக்குக் குடுங்க. வேற ஒண்ணும் வாணாம்.”

அந்த வீட்டு மருமகள்கள் முன்னால் அப்படிக் கேட்டபிறகு அவரால் மறுக்க முடியவில்லை. அவர் கிளம்பியதைப் பார்த்து இரண்டு பங்காளிகளும் கிளம்பினார்கள். முட்டையும் பழமும் வாங்கித் தரவேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, செத்துப் பிழைத்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு மரத்தடியில் படுத்தார்கள். கேட்காமலே வந்தவர் ஒருவர்தான். ராஜாங்கம் பெயிண்ட் வாங்குகிற கடையின் முதலாளி அன்வருதீன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்த கையோடு ஸ்கூட்டரில் வந்தார், படுத்தார், கொடுத்தார், கடை திறக்கவேண்டும் என்று போய்விட்டார்.

கொடுத்த ரத்தம் பொதுவில் சேர்ந்துவிடும், உங்கள் ஆள் கொடுத்த பையே உங்கள் ஆளுக்குப் போகும் என்று இல்லை என்று ரத்த வங்கியில் இருந்த பெண் விளக்கினாள். சின்னப்பொண்ணு தலையை ஆட்டினாளே தவிர உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை. அவள் கணக்கில் ஒவ்வொரு பைக்கும் ஒரு முகம் இருந்தது. இது பெரிய மாமா, இது தம்பி, இது பாய். கெஞ்சிக் கூத்தாடி, வாசல்படியில் உட்கார்ந்து, காலில் விழுந்து வாங்கிய ரத்தம். ராஜாங்கத்தின் உடம்பில் ஓடப் போவது அதுதான். அதில் ஒரு சொட்டு வீணாகக்கூடாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வால்வு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று பெரிய டாக்டர் வெளியே வந்து சொன்னார். மறுநாள் காலை மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒரே ஒருவரை, காலையும் மாலையும் கொஞ்ச நேரம் விட்டார்கள். காலையில் போனவள் அவர் கண் திறந்து பார்த்ததையே என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அன்றைக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். வராந்தாவில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். அவள் வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

இதில் கொஞ்சம் விளக்கம் தேவை. கலைவாணன் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இதயத்தின் சதை அடிபட்டால் அதிலிருந்து ஒரு சத்து கசிந்து ரத்தத்தில் கலக்கும். ட்ரோபோனின் என்று பெயர். கத்தி வைத்து ஆபரேஷன் செய்த யாருக்கும் அது ஏறத்தான் செய்யும், அதில் பயமில்லை. ஏறியது நிற்கிறதா, இறங்குகிறதா என்பதுதான் விஷயம். இறங்கினால் கத்தி பட்ட காயம் மட்டும்தான். மேலே மேலே ஏறிக்கொண்டே போனால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது, சதை இன்னும் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நோயாளி வாய் திறந்து சொல்வதற்கு முன்னால் ரத்தம் சொல்லிவிடும். அதனால்தான் ஒரு தடவை எடுத்தால் போதாது, விட்டு விட்டு எடுத்துப் பார்க்கவேண்டும். அந்த வேலை அந்த வாரம் கலைவாணன் கையில் இருந்தது. மாமாவுக்கு நானே எடுக்கிறேன், எனக்குத்தான் வலிக்காமல் எடுக்கத் தெரியும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

அன்று மாலை சின்னப்பொண்ணு உள்ளே போனபோது ராஜாங்கம் கண் மூடிக் கிடந்தார். போர்வை விலகியிருந்தது. இரண்டு கையிலும் ஊசி குத்திய இடமெல்லாம் நாவல்பழக் கறையாகக் கன்றிப் போயிருந்தது. அவள் அதைத் தடவிக்கொண்டு நிற்கும்போது கலைவாணன் தட்டோடு வந்தான். ஊசி, குழாய், பஞ்சு. எதற்கு என்றாள். ரத்தம் எடுக்கணும் என்றான். காலையில்தானே எடுத்தாய் என்றாள். திரும்ப எடுக்கணும்க்கா, ராத்திரியும் எடுக்கணும் என்றான்.

அவள் நிமிர்ந்து தொங்குகிற ரத்தப் பையைப் பார்த்தாள். ஒரு பக்கம் பையில் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். இன்னொரு பக்கம் ஊசி போட்டு உறிஞ்சுகிறார்கள். இதற்காகவா அந்த வாசல்படியில் உட்கார்ந்தாள்? கலைவாணன் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னான். ஒரு ஸ்பூன் அளவுதான், அது உடம்புக்கு ஒன்றுமே இல்லை, டாக்டர் கேட்பார் என்றான். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

“ஸ்பூன் ஸ்பூனாத்தானடா நானும் சேத்தேன். வாணாம், உட்ரு. காத்தால எடுத்தத வெச்சிப் பாத்துக்கோ.”

“அப்படிலாம் பண்ணக்கூடாதுக்கா.”

“உன்ன இடுப்புல தூக்கிட்டுக் களை பறிச்சேன். இத்தினி வருசத்துல உன்கிட்ட ஏதாச்சும் கேட்டிருக்கனா? இந்த ஒண்ணு கேக்குறேன். அவர குத்தாத.”

சத்தம் போடவில்லை. அழவும் இல்லை, கண் மட்டும் நிறைந்து நின்றது. அவள் கேட்டே பார்த்திராதவன் அவன். வேறு யாராவது கேட்டிருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பான். தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

காலையில் எடுத்த ரத்தத்தில் மிச்சம் லேபில் குளிர்பெட்டியில் இருந்தது. அதையே எடுத்து மாலை ரத்தம் என்று சோதனைக்குப் போட்டான். காலை ரத்தம் காலையில் சொன்னதையேதான் சொல்லும். டாக்டர் பார்த்தார். ஏறவில்லை, நின்றுவிட்டது, இனி இறங்கிவிடும், மேற்கொண்டு எடுக்கவேண்டாம் என்று எழுதிவிட்டார். தம்பி வெளியே வந்து, இனிமேல் எடுக்கமாட்டார்கள் அக்கா என்று சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள். கோயில் உண்டியலில் போடுவதற்கு என்று முந்தானையில் காசு முடிந்துகொண்டாள். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. இரண்டு பேர் மேலும் கோபம் வருகிறது, அடுத்த நிமிஷமே அந்தக் கோபத்துக்கு வெட்கமும் வருகிறது. நான் அந்த வாசல்படியில் உட்கார்ந்தவள் இல்லையே.

மறுநாள் பெரிய டாக்டர் வந்து, நெஞ்சில் வலி ஏதும் இருக்கிறதா என்று ராஜாங்கத்தைக் கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார். ஈசிஜியிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நல்ல முன்னேற்றம் என்று சொல்லி வார்டுக்கு மாற்றினார்கள்.

வார்டில் எழுந்து நான்கு எட்டு வைத்ததுமே மூச்சு முட்டியது. ராத்திரி படுக்க முடியவில்லை. அவசரமாக ஸ்கேன் எடுத்தார்கள், இதயத்தின் ஒரு பக்கச் சுவர் அசையாமல் கிடந்தது. ரத்தம் எடுத்தார்கள், இந்தத் தடவை வேறு ஆள் எடுத்தான், முடிவைப் பார்த்துவிட்டு மறுபடி சோதிக்கச் சொன்னார்களாம். அவ்வளவு ஏறியிருந்தது. தொடையில் குழாய் விட்டுப் படம் பிடித்ததில்தான் காரணம் தெரிந்தது. வால்வு உட்காருகிற இடத்தை ஒட்டி ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது. வால்வைத் தைத்த தையலில் ஒன்று அந்தக் குழாயை இழுத்து நசுக்கியிருந்தது. அபூர்வமாக நடக்கும், எவ்வளவு கவனமாக இருந்தாலும் நடக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, தனக்குத்தானே கேட்டுக்கொள்வது மாதிரி இன்னொன்றும் சொன்னார். முதல் நாளே அந்த எண் ஏறியிருந்தால் அன்றைக்கே படம் பிடித்திருப்போம், திறந்து சரிசெய்திருப்போம், சதை பிழைத்திருக்கும். ஏறவே இல்லையே, எப்படி என்றுதான் புரியவில்லை என்றார்.

சின்னப்பொண்ணு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். எந்த எண், எப்போது ஏறவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. கலைவாணனுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு, டாக்டரிடம் போய் ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்றான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

“ஒருத்தர கொன்னது போதும். உன்னயும் என்னால குடுக்க முடியாது. வாயத் தொறக்காத.”

அவன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டான். காந்தி வீதியில் ஒரு செல்போன் கடையில் ரீசார்ஜ் போடுகிற வேலைக்குப் போனான். அக்கா வீட்டுப் பக்கமும் வருவதில்லை. அவளும் கூப்பிடுவதில்லை.

ராஜாங்கம் வீட்டுக்கு வந்தார். செத்துப்போன சதை திரும்பி வராது, மீதி இருப்பதை வைத்து ஓட்டவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாரம் ஏறுவதற்காகச் செய்த ஆபரேஷன், தெருமுனை வரைக்கும் நடக்க முடியாமல் செய்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும். வால்வு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. வீடு அமைதியாக இருந்தால் கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று அவர் நெஞ்சிலிருந்து கேட்கும். அவள் அதைக் கேட்கமுடியாமல், வேலை இருக்கிறதோ இல்லையோ, பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருப்பாள். டிவியைச் சத்தமாக வைப்பாள். எனக்குச் சுவர் வழியாக எல்லாம் கேட்கும்.

வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. அதற்குக் கீரை ஆகாது என்றார்கள். கீரைக்காரி வீட்டில் கீரை இல்லாமல் போனது. அந்த மாத்திரைக்காக மாதா மாதம் ரத்தம் சோதிக்கவேண்டும். நெல்லித்தோப்பில் ஒரு சின்ன லேபுக்கு ஆட்டோவில் கூட்டிப் போவாள். ஊசி போடும்போது வெளியே வந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு தடவையும் அந்த லேபு பெண்ணிடம், புதுசா எடுத்ததைத்தானே பார்ப்பீங்க என்று கேட்பாளாம். இது என்ன கேள்வி என்று அந்தப் பெண் சிரித்திருக்கிறாள்.

சொல்லிவிடவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. சொன்னால் அவர் உடம்பு தாங்காது என்று ஒரு பயம். தன்னை வெறுத்துவிடுவார் என்று இன்னொரு பயம், அதுதான் பெரியது. அவர் ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை. டாக்டரைத் திட்டியதில்லை. சோறு ஊட்டும்போது, உனக்கு ஒரு குழந்தை கிடைச்சிருக்கு பாரு, மீசை வெச்ச குழந்தை என்பார். அவள் சிரிக்கவேண்டும். சிரிப்பாள்.

இரண்டாவது வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு வயிறும் வீங்க ஆரம்பித்தது. இனி ஆஸ்பத்திரியில் வைத்தும் பயனில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மத்தியானம் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவள், அவர் முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தாள். அன்னிக்கு ஆஸ்பத்திரியில, சாயந்திரம், தம்பி ரத்தம் எடுக்க வந்தப்போ என்கிற வரைக்கும்தான் வந்தது.

“தெரியும்,” என்றார் ராஜாங்கம். “நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் மூச்சு வாங்க வாங்க, விட்டு விட்டுச் சொன்னார்.

“நீ கேட்டத கேட்டேன். நமக்காக இவ எங்கெல்லாம் போயி நின்னாளோன்னு தோணுச்சு. மறுநா டாக்டரு வலிக்குதான்னு கேட்டாரே, அப்ப எனக்கு வலிச்சுது. நல்லாவே வலிச்சுது. சொன்னா திரும்பவும் ரத்தம் எடுப்பாங்க, நீ அழுவேன்னு இல்லன்னுட்டேன். தப்பு உன்து மட்டும் இல்ல.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மணிக்கட்டு முறிந்ததைச் சுளுக்கு என்று சொன்ன மனிதர். வலியை இல்லை என்று சொல்லத் தெரிந்தவர். அவளுடைய பாரத்தில் பாதியை எடுத்துக்கொள்வதற்காக, இல்லாத வலியை இருந்தது என்று சொல்லவும் தெரிந்தவர்தான்.

“நெஜமாவா? இல்ல எனக்காகச் சொல்றீங்களா?”

இந்த மாச ரத்தத்தை உன் தம்பி வந்து எடுக்கட்டும், கூப்பிடு என்றார்.

கூப்பிட்டது நான்தான். கலைவாணன் வந்தான். இளைத்து, தாடி விட்டு, பார்ப்பதற்கு அக்காவைவிட மூத்தவன் மாதிரி இருந்தான். தெரிந்த லேபில் ஊசியும் குழாயும் வாங்கிவந்திருந்தான். வாசலைத் தாண்டி உள்ளே வரவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ராஜாங்கம் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

“உனக்குத்தான் வலிக்காம எடுக்கத் தெரியும். எடு.”

வீங்கிய கையில் நரம்பு கிடைக்கவில்லை. முதல் தடவை தவறிவிட்டது, ராஜாங்கம் முகத்தைச் சுளிக்கவில்லை. சின்னப்பொண்ணு வந்து புருஷனின் கையை முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தாள். இந்தத் தடவை அவள் வேறு பக்கம் பார்க்கவில்லை. குழாயில் ரத்தம் ஏறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த டிக் டிக் சத்தம் மட்டும் வாசலில் நின்ற எனக்குக்கூடக் கேட்டது. கலைவாணன் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, அந்தக் கையின் மேலேயே முகத்தை வைத்து அழுதான். ராஜாங்கம் அவன் தலையில் இன்னொரு கையை வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே அவர் போய்விட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, அவள் வெந்நீர் வைக்கப் போன நேரத்தில். திரும்பி வந்தபோது சத்தம் நின்றிருந்தது, அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாளாம். சாவு எடுப்புக்கு வந்த தெய்வசிகாமணி, ரத்தம் கொடுத்துமா போய்ச் சேர்ந்தான் என்று எல்லோர் முன்னாலும் மூக்கைச் சிந்தினார். அவரை அன்றைக்கு நான் ஏதும் சொல்லாமல் விட்டதற்கு இன்னும் என்னை நொந்துகொள்கிறேன்.

சின்னப்பொண்ணு மறுபடி கீரை விற்கப் போகிறாள். கலைவாணன் அக்காவோடுதான் இருக்கிறான், செல்போன் கடைக்கே போய்வருகிறான். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அதிகம் பேசிக்கொள்வதில்லை. அவனிடம் அவள் கேட்கமாட்டாள். என்னிடம்தான் கேட்பாள். கீரையைக் கட்டும்போதோ, குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருக்கும்போதோ, திடீரென்று கேட்பாள்.

“அவருக்கு அன்னிக்கு நெஜமாவே வலிச்சிருக்குமா?”

இரண்டு பதிலையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். வலித்திருக்கும் என்றால், நான் அழுவேன் என்பதற்காக அதைத் தாங்கிக்கொண்டு கிடந்தாரே என்று அழுகிறாள். வலித்திருக்காது என்றால், அப்படியானால் தப்பு முழுக்க என்னுடையதுதானே என்று அழுகிறாள். இப்போதெல்லாம் அவள் கேட்டால், தெரியலை சின்னப்பொண்ணு என்று சொல்லிவிட்டு அவள் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.